இருபதாயிரம் ரூபாயில் மின்வண்டி: மீதியை யார் கட்டுவது?

பழைய பைக்கின் என்ஜினைக் கழற்று. பின்சக்கரத்தில் ஹப் மோட்டாரை மாட்டு. டேங்க் இருந்த இடத்தில் பேட்டரியை வை. ஆக்ஸிலரேட்டர் கேபிளை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் த்ராட்டில் போடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருபதாயிரம் ரூபாயும் இருந்தால் பெட்ரோல் பங்க்குக்கு முழுக்குப் போட்டுவிடலாம். இதைச் செய்யவிடாமல் தடுப்பவர்கள் வண்டிக் கம்பெனிக்காரர்களும் ஆர்.டி.ஓ. ஆபீஸும்தான்.

இந்தப் பேச்சைக் கேட்காதவர் இன்று தமிழ்நாட்டில் குறைவு. காணொளிகள் சொல்கின்றன, டீக்கடையில் சொல்கிறார்கள், 'கல்லூரி மாணவர் சாதனை' என்று மாவட்டச் செய்திப் பக்கங்கள் படத்தோடு போடுகின்றன. மறுத்துப் பேசினால் பெட்ரோல் கம்பெனியின் ஆள் என்ற பட்டம் கிடைக்கும். கிடைக்கட்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் என்ஜின் தனக்குள் போகும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. மின்மோட்டார் தனக்கு வருவதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. என்ஜின் தேய்ந்ததற்காக நல்ல நிலையில் இருக்கும் சேஸிஸையும் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் காயலான் கடைக்கு அனுப்புவது விரயம். புதிய மின்ஸ்கூட்டர் எல்லோராலும் வாங்க முடிகிற பொருள் இல்லை. மோட்டாரில் அசையும் பாகங்கள் குறைவு; ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்கே அது புரியும். போதாததற்கு வரலாறும் இவர்கள் பக்கம் நிற்கிறது. 1968இல் அமெரிக்காவில் கால்டெக் கல்லூரி மாணவர்கள் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனையும், எம்.ஐ.டி. கல்லூரி மாணவர்கள் ஒரு ஷெவர்லே கோர்வேர் காரையும் மின்வண்டியாக மாற்றி நாட்டைக் குறுக்கே கடந்து பந்தயம் ஓட்டினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இதில் இயற்பியல் முழுக்கச் சரி. விரயம் பற்றிய கவலையும் நியாயமானது. மாணவர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழற்றி மாட்டிப் பார்க்காமல் யாரும் பொறியாளர் ஆனதில்லை. நான் மறுப்பது ஒன்றைத்தான்: வீட்டில் மாற்றிய அந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாம், அதனால் பணம் மிச்சம் என்பதை. மிச்சமாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி சோதனைக்கும் பொறுப்பேற்புக்கும் செலவழித்திருக்க வேண்டிய பணம். அது காணாமல் போய்விடவில்லை. வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது.

1. முதலில் அந்த இருபதாயிரத்தையே எண்ணிப் பார்ப்போமா?

தினம் 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சிசி பைக் 200 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். அதே தூரத்துக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 35 வாட்-மணி என்று போட்டால், 420 யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுத்தாலும் 3,360 ரூபாய். ஆண்டு மிச்சம் 16,640. போட்ட இருபதாயிரம் பதினைந்து மாதத்துக்குள் திரும்பிவிடும். காணொளிகள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு 'லைக் போடுங்கள்' என்று சொல்லிவிடும்.

இருபதாயிரத்துக்குள் முடிக்க வேண்டுமானால் பேட்டரி ஈய-அமில வகையாகத்தான் இருக்க முடியும். 12 வோல்ட், 28 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தைத் தொடராக இணைத்தால் 60 வோல்ட்; காகிதத்தில் 1,680 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் ஓட்டினால்தான் அதற்கு ஆயுள். பாதி என்பது 840 வாட்-மணி. சாலையில் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி என்றாலும் 28 கிலோமீட்டர்தான் போகும். நம் ஆளுக்குத் தேவை 40. அந்தப் பாதியைத் தாண்டி வடித்து ஓட்டுவார், வேறு வழியில்லை. தினமும் அப்படி வடித்தால் அந்தச் செட் ஓராண்டு தாங்கினாலே பெரிது. அடுத்த செட் வாங்கும்போது மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி கைமாறிவிடும்.

லித்தியம் போட்டால்? 2021இல் ஸ்ப்ளெண்டர் பைக்கை மின்வண்டியாக்க முறையான அனுமதியோடு சந்தைக்கு வந்த கிட்டின் விலை 35,000 ரூபாய் என்று செய்திகள் வந்தன. நம் ஊர்க் கற்பனை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்தால் அது ஒரு லட்சத்தை நெருங்கியது என்பது அதே செய்திகளின் கீழ்ப்பகுதியில் இருந்தது. ஒரு லட்சம் போட்டால் நம் 40 கிலோமீட்டர் ஆளுக்கே பணம் திரும்ப ஆறு ஆண்டு ஆகும். தினம் 15 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வாத்தியாருக்கு ஆண்டு மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம்; அவருக்குப் பதினாறு ஆண்டு. ஏற்கெனவே பத்து வயதான சேஸிஸில்! அதே ஒரு லட்சத்தை ஒட்டி, வாரன்ட்டியோடு புதிய மின்ஸ்கூட்டர் ஷோரூமில் நிற்கிறது.

ஆக, மலிவாகச் செய்தால் நீடிப்பதில்லை. நீடிக்கும்படி செய்தால் மலிவாக இல்லை.

2. என்ஜினைக் கழற்றினால் என்ஜின் மட்டும்தான் போகிறதா?

பைக்கில் என்ஜின் செய்யும் வேலைகளில் வண்டியை இழுப்பது ஒன்று மட்டுமே. பல பைக்குகளின் 'டைமண்ட்' வகை சேஸிஸில் கீழ்ப்பகுதியை இணைக்கும் குழாயே கிடையாது. என்ஜின்தான் அந்த இடத்தை அடைத்துச் சட்டகத்துக்கு விறைப்பு தருகிறது. அதை எடுத்துவிட்டு லேத் பட்டறையில் இரண்டு ஆங்கிள் பட்டையை வெல்டிங் வைத்தால் அந்த விறைப்பு திரும்பியதா? பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

எடையும் இடம் மாறுகிறது. டேங்க் நிறையப் பத்து லிட்டர் பெட்ரோல் போட்டாலும் ஏழரைக் கிலோ. மேலே சொன்ன ஐந்து பேட்டரிகள் ஏறத்தாழ 45 கிலோ. கீழே இருந்த என்ஜின் போய், அந்தப் பாரம் மேலே ஏறினால் வளைவில் வண்டி வேறு விதமாகச் சாயும். முன்னும் பின்னும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள ஒரு நூறு சிசி பைக் எந்த எடைக்கு, எந்த வேகத்துக்கு என்று கணக்கிடப்பட்டதோ அந்தக் கணக்கு இனி செல்லாது.

ஹப் மோட்டாரின் ஆக்ஸில் பற்றி எந்தக் காணொளியும் பேசி நான் பார்த்ததில்லை. செயின் வண்டியில் ஆக்ஸில் சும்மா நிற்கும். சக்கரம் அதன் மேல் சுற்றும். ஹப் மோட்டாரில், மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருகும் அதே விசை ஆக்ஸிலைப் பின்னோக்கித் திருகுகிறது. அதைத் தாங்க ஆக்ஸிலின் தட்டையான பக்கங்களைக் கவ்விப் பிடிக்கும் 'டார்க் ஆர்ம்' வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஆக்ஸில் அதன் காடியிலேயே சுழன்று, உள்ளே போகும் மூன்று தடித்த கம்பிகளையும் முறுக்கி அறுத்துவிடும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே இறுகலாம். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கலாம்.

மலைச்சாலையில் இன்னொன்று. பெட்ரோல் வண்டியைக் கியரில் போட்டு இறக்கினால் என்ஜினே பிடித்து இழுக்கும். 'மின்வண்டியில் ரீஜெனரேட்டிவ் பிரேக் இருக்கிறதே' என்பார்கள். பேட்டரி நிரம்பியிருக்கும்போது அந்தப் பிரேக் உண்டாக்கும் மின்சாரத்தைக் கொட்ட இடமில்லை. ஏற்காட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் சேலத்துக்கு இறங்குகிறவருக்கு, அது மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் அது வேலை செய்யாது. நிறுவன வண்டிகளில் இதை முன்கூட்டி யோசிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்.

காரை வீட்டில் மாற்றுவோருக்கு இது இன்னும் மோசம். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைப் பெட்ரோல் என்ஜின் உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டிருந்தது. என்ஜின் போனால் தனியாக வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிரேக் பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டியரிங் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எல்லாமே என்ஜின் பெல்ட்டில் ஓடியவை. ஒவ்வொன்றுக்கும் மாற்று தேட வேண்டும்.

3. '48 வோல்ட்' என்று எழுதியிருந்தால் அது 48 வோல்ட்டா?

கடையில் ஒரே பெயரில் விற்கும் இரண்டு பேட்டரிகளைப் பாருங்கள். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையில் 13 செல் தொடர். முழுச் சார்ஜில் 54.6 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 16 செல் தொடர். முழுச் சார்ஜில் 58.4 வோல்ட். இரண்டுமே பேச்சில் '48 வோல்ட்'. சார்ஜர் பிளக்கும் பல சமயம் ஒன்றேதான். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் செருகினால் ஒவ்வொரு செல்லுக்கும் ஏறத்தாழ 4.5 வோல்ட் ஏறப் பார்க்கும். அந்தச் செல்லின் எல்லை 4.2. இடையில் நின்று துண்டிக்க வேண்டியது பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை. அதைத்தான் சிக்கனக்காரர்கள் மலிவாக வாங்குகிறார்கள், அல்லது வாங்குவதே இல்லை.

பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கி, நிக்கல் பட்டியால் ஸ்பாட் வெல்டிங் செய்து, நீல நிறப் பிளாஸ்டிக் உறையில் சுருட்டி 'பேட்டரி பேக்' என்று கட்டுகிறவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெவ்வேறு வயதுச் செல்கள் ஒரே வேகத்தில் நிரம்புவதுமில்லை, வடிவதுமில்லை. சீட்டுக்கு அடியில், நம் சித்திரை வெயிலில், மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அது இருக்கப்போகிறது. அதோடு, 12 வோல்ட்டில் கை பழகிய மெக்கானிக் 60, 72 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தொடுகிறார். அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது எழும் பொறி, வீட்டு மாறுமின்னோட்டத்தில் போலத் தானே அவிந்துவிடாது. அதற்கென்றே உள்ள ஃபியூஸும் கான்டாக்டரும் வேண்டும், வீட்டு எம்.சி.பி.யை மாட்டி வைப்பது கண்துடைப்பு.

4. 'கம்பெனி வண்டியே எரிகிறதே?'

எரிந்தது, உண்மை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த புதிய மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகை சூழ்ந்ததில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்தன. வீட்டில் மாற்றுவோர் இதைத் தங்கள் துருப்புச் சீட்டாக வீசுகிறார்கள்: அனுமதி பெற்ற வண்டியின் யோக்கியதையே இதுதான், எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டாமா? மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஏப்ரலிலேயே மூன்று நிறுவனங்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. இருசக்கர மின்வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதி திருத்தப்பட்டது. செல்களின் சோதனை, பேக்குக்குள் நீர் புகாமை, அழுத்தம் வெளியேற வழி, ஒரு செல் சூடேறினால் முன்கூட்டிக் கூவி எச்சரிக்கும் ஏற்பாடு என்று நிபந்தனைகள் கூடின; 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. இவ்வளவும் சாத்தியமானதற்குக் காரணம், அந்த வண்டிகளுக்கு ஒரு மாடல் பெயரும், பேட்சு எண்ணும், கூண்டில் ஏற்ற ஒரு முதலாளியும் இருந்ததுதான். உங்கள் தெருவில் மாற்றிய வண்டி எரிந்தால் திரும்ப அழைக்க வேண்டியவர் யார்? அதே பட்டறையில் அதே கையால் கட்டப்பட்ட மற்ற பேட்டரிகள் எந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? கம்பெனியே சறுக்கிய இடத்தில் சோதனையே வேண்டாம் என்பது எந்த ஊர் தர்க்கம்?

5. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கிட்டைக் கொண்டு எரிபொருள் வகையை மாற்ற இடம் கொடுக்கிறது. மின்கிட்டைச் சோதிக்க ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரவிதி இருக்கிறது. பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை இருந்த டெல்லியில், அவற்றை மின்காராக மாற்றிக்கொள்ளலாம் என்று மாநில அரசு 2021இல் அறிவித்தது. அங்கீகாரம் இல்லாத மாற்றம்தான் குற்றம்: 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது.

'சின்ன மோட்டாருக்குப் பதிவே வேண்டாமாமே' என்பது அடுத்த வதந்தி. அந்த விலக்கு 250 வாட்டுக்குக் குறைவான, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, சோதனைச் சான்று பெற்ற வண்டிகளுக்கு. 1,500 வாட் மோட்டார் போட்ட பைக் அந்தக் கதவுக்குள் நுழையாது.

அபராதத்தை விடுங்கள், பிடிபட்டால்தான் அது. ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்றிருக்கிற வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸ், என்ஜினே இல்லாத ஒரு வண்டி யாரையாவது இடிக்கும்போது என்ன ஆகும்? நாங்கள் பொறுப்பேற்றது இந்த வண்டிக்கு இல்லை என்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்து நிற்பார். கால் உடைந்து கிடக்கிறவர் வருடக்கணக்கில் தீர்ப்பாயத்துக்கு அலைவார். அவர் உங்கள் இருபதாயிரத் திட்டத்துக்குச் சம்மதித்தவர் அல்ல.

சென்னைக்காரர்களுக்கு இது புதிய கதையில்லை. பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்ஜின்களை மூன்று சக்கர வண்டியில் பூட்டிய மீன்பாடி வண்டி இதே 'ஏழையின் தொழில்நுட்பம்' என்ற பெயரில்தான் ஓடியது. பதிவில்லை, இன்சூரன்ஸ் இல்லை. அதில் அடிபட்டவர்களும் பெரும்பாலும் ஏழைகளே; நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள். ஆம்னி வேனில் சமையல் கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டிய காலமும் நினைவிருக்கும். அப்போதும் பெட்ரோல் விலைதான் காரணம், அப்போதும் 'எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், என்ன ஆகிவிட்டது' என்றுதான் கேட்டார்கள். கேஸ் மாற்றும்போதே எரிந்த வேன்கள் பதில் சொல்லின. அந்தக் குழப்பத்துக்கு 2001இல் வந்த வாகன எல்.பி.ஜி. ஆணை ஒரு வழி திறந்தது: அனுமதி பெற்ற கிட், வாகனத்துக்கென்றே செய்த டேங்க், ஆர்.சி.யில் பதிவு. இன்றைக்குக் கேஸ் ஆட்டோவில் யாரும் பயந்து ஏறுவதில்லை.

6. 'வெளிநாட்டில் கராஜிலேயே செய்கிறார்களே?'

அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி மாற்றிய காரைப் பதிவு செய்ய முடியும். ஆனால் பிரான்ஸ் 2020இல் இதைச் சட்டபூர்வமாக்கியபோது, மாற்றும் வேலையை அங்கீகாரம் பெற்ற தொழில்முறையாளரிடம் மட்டுமே ஒப்படைத்தது. அதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை? 1968 பந்தயத்தைப் பொறுத்தவரை, எம்.ஐ.டி. வண்டி கலிபோர்னியாவில் எல்லைக்கோட்டைத் தொட்டது கயிறு கட்டி இழுக்கப்பட்டு. நல்ல சோதனை முயற்சி அது. மறுநாள் அதில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும்படி அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

7. சூழலுக்கு எவ்வளவு லாபம்?

லாபம் உண்டு, மறுக்க மாட்டேன். 200 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 460 கிலோ கார்பன் டையாக்சைடு. 420 யூனிட் மின்சாரத்துக்கு, நாட்டின் மின்தொகுப்புச் சராசரியில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால் 294 கிலோ. ஆண்டுக்கு 166 கிலோ குறைகிறது. கூரையில் சோலார் இருந்தால் இன்னும் குறையும். ஆனால் கழற்றிய என்ஜின் எங்கே போகிறது? பெரும்பாலும் யாரும் அதை உருக்குவதில்லை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற ஒரு பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போய், இன்னொரு வண்டியில் ஏறி, இன்னும் பல ஆண்டு புகை விடுகிறது. ஆண்டுதோறும் சாகிற ஈய-அமில பேட்டரிகளை எடைக்குப் போட்டால், அவற்றில் எத்தனை ஊருக்கு வெளியே திறந்த உலையில் உருகும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஈயப் புகை பெட்ரோல் புகையைவிடக் குழந்தைகளுக்குக் கொடியது.

கடைசியாக, சட்டம்தான் தடை என்று கத்துவோரிடம் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கிட்டுக்கான அனுமதி வண்டி மாடலைப் பொறுத்தது. ஸ்ப்ளெண்டருக்கு வாங்கிய அனுமதி டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்குச் செல்லாது. ஒவ்வொரு மாடலுக்கும் சோதனைச் செலவைச் சிறு நிறுவனங்கள் தாங்க முடிவதில்லை. அதனால் கிட்டுகள் குறைவு, விலை அதிகம். கோபம் பாய வேண்டிய இடம் அது. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மூட்டையும் பால்கேனும் சுமக்கிற எக்ஸ்.எல்., நூறு சிசி பைக், ஆட்டோ ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது கிட் சோதனைச் செலவை மாநில அரசு ஏற்கட்டும். தேறிய கிட்டுகளின் பட்டியலை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒட்டட்டும். மாட்டுவதற்கு ஐ.டி.ஐ. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுக்கட்டும். இதைக் கேட்டு ஒரு மனுகூடப் போட்டதாகத் தெரியாதவர்கள்தான் காணொளிக்குக் காணொளி புரட்சி பேசுகிறார்கள்.

அதுவரை வீட்டில் மாற்றிய வண்டி தோட்டத்துக்குள், கல்லூரி மைதானத்துக்குள் தாராளமாக ஓடட்டும். பேட்டரியை மட்டும் மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி, கண் பார்வையில், சரியான சார்ஜரில் போடுங்கள்.